செண்பகவல்லி, வயது முப்பது

அரசுத் துறைகளின் டெண்டர்களுக்குப் பிலோமினா இணைத்து அனுப்பும் தன்விவரக் குறிப்பு நான்கு பக்கம் இருக்கும். இருபத்திரண்டு வயதில் சாத்தூர்ப் பக்கம் ஒரு தாலுகா அலுவலகத்தில், எலி கடித்த ரேஷன் பேரேடுகளைப் பார்த்துக் கணினியில் பெயர் ஏற்றிய ஒப்பந்த வேலையிலிருந்து அது தொடங்கும். பிறகு தடுப்பூசிப் பதிவுகள். பிறகு சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனம். நிலம், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கடைசியாகக் காவல் நிலையம் என்று ஒவ்வொரு துறையின் தரவுக்குள்ளும் நுழைந்து வெளியே வந்து, நாற்பது வயதில் தனி ஆலோசகரானாள்.

அவளுடைய திறமை ஒன்றே ஒன்றுதான். பத்துத் துறைகளில் பத்து விதமாகக் கிடக்கும் ஒரே மனிதனை ஒரே எண்ணில் கட்டிவிடுவாள். பிறந்தது, படித்தது, ஊசி போட்டது, வேலை பார்த்தது, வழக்கில் மாட்டியது, செத்தது எல்லாம் ஒரே கயிற்றில். மாநிலக் குடிமக்கள் பதிவகம் என்று புதிதாக ஒன்று தொடங்கியபோது, அதன் இயக்குநர் கிருபாகரன் முதலில் தேடியது அவளைத்தான்.

தம்பி இருதயராஜைப் பற்றி அந்த நான்கு பக்கத்தில் ஒரு வரி கிடையாது.

பதினோரு வருடங்களுக்கு முன் அவன் ஒரு தீப்பெட்டி ஆபீஸுக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். காலையில் ஊர் ஊராகப் போய் வேலைக்குப் பெண்களை ஏற்றி வருவது அவன் பொறுப்பு. ஒருநாள் ஆபீஸ் ஜெனரேட்டருக்கென்று ஒரு கேன் பெட்ரோலை வாங்கித் தன் இருக்கைக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, வாயில் பீடியோடு வேகமாக வந்தான். வேன் ஒரு பாலத்துக் கட்டையில் மோதித் தீப்பிடித்தது. பின்பக்கம் இருந்த பெண்கள் குதித்துவிட்டார்கள். இருதயராஜும் குதித்துவிட்டான். முன்சீட்டில் இருந்த ஒருத்தியால் முடியவில்லை.

செண்பகவல்லி, வயது பத்தொன்பது.

எரிந்ததைப் பார்த்து யாரென்று சொல்ல முடியாத நிலை. தப்பித்த பெண்களில் ஒருத்தி, செண்பகம் முந்தின நிறுத்தத்திலேயே இறங்கிப் போனதைப் பார்த்தேன் என்று வேறு சொல்லிவிட்டாள். செண்பகத்தின் தாய் பேச்சியம்மாள், 'இது என் மகளில்லை' என்று உடலை வாங்க மறுத்து இரண்டு மாதம் உட்கார்ந்திருந்தாள். மரபணுச் சோதனை முடிவு வந்த பிறகுதான் வாங்கிக்கொண்டு போய்ப் புதைத்தார்கள்.

இருதயராஜுக்கு மூன்று வருடம் சிறை. வெளியே வந்த பின் ஐந்து வருடம் அவனுக்கு எங்கேயும் வேலை கிடைக்கவில்லை. காவலாளி வேலைக்குப் போனால்கூட, பெருவிரலை வைத்த அடுத்த நொடி திரையில் வழக்கு வந்துவிடும். காவல்துறைப் பதிவுகளை எல்லா இடத்திலும் தெரியும்படி இணைத்துக் கொடுத்தது அவனுடைய அக்காதான். அவன் ஒருமுறைகூட அதைச் சொல்லிக் காட்டியதில்லை. அதுதான் அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

மறுவாழ்வுச் சட்டம் வந்தபோது, அதனால்தான் அவள் ராப்பகல் பாராமல் உழைத்தாள். ஐந்து வருடத்துக்குக் குறைவாகத் தண்டனை பெற்று, அதன்பின் ஒழுங்காக வாழ்ந்தவர்களின் குற்றப் பதிவை அடியோடு அழிப்பதுதான் சட்டம். ஆனால் அழித்தால் மட்டும் போதாது என்று கிருபாகரனிடம் வாதாடியவள் பிலோமினா.

"ஒருத்தன் வாழ்க்கையில மூணு வருஷம் காணோம்னா, பாக்கறவன் என்ன சார் நினைப்பான்? ஜெயில்ல இருந்திருப்பான்னுதானே? அப்புறம் எதுக்கு அழிக்கணும்?"

"சரி, என்ன பண்ணலாம்ங்கறீங்க?"

"நிரப்பிடலாம். அவன் வயசு, அவன் படிப்பு, அவன் ஊர். அதே மாதிரி இருக்கற மத்தவங்க அந்த மூணு வருஷம் பெரும்பாலும் என்ன பண்ணியிருக்காங்கன்னு மெஷினுக்குத் தெரியும். அதை இவனுக்கும் போட்டுடும்."

கிருபாகரன் யோசித்தார். "கைதிக்கு மட்டும் நிரப்பினா, எது நிரப்பினதுன்னு என்னைக்காவது ஒருத்தன் கண்டுபிடிச்சுட்டா எல்லாரும் மாட்டிப்பாங்க மேடம். ஓட்டை யார்கிட்ட இருந்தாலும் நிரப்பட்டும். எல்லாருக்கும். அப்ப எது நிஜம், எது நிரப்பினதுன்னு நமக்கே தெரியாது."

"நல்ல யோசனை சார்" என்றாள் பிலோமினா. மனதாரத்தான் சொன்னாள்.

அழிக்கப்பட்ட நிகழ்வை எந்த அதிகாரியும், திட்டத்தில் வேலை பார்த்த எவரும் வெளியே சொல்லக் கூடாது, சொன்னால் மூன்று வருடம் சிறை என்ற விதியையும் அவள்தான் எழுதிக் கொடுத்தாள். பழைய நகல்கள் அத்தனையும் அழிக்கப்பட்டன என்று சான்றிதழில் கையெழுத்துப் போட்டதும் அவள்தான். சோதனைக்கு முதல் கோப்பு வேண்டியிருந்தது. அவள் தம்பியுடைய எண்ணைக் கொடுத்தாள்.

பத்து நிமிடம்கூட ஆகவில்லை. வழக்கு போயிற்று. அந்த வருடங்களில் இருதயராஜ் திருப்பூரில் ஒரு பின்னலாடை ஆலையில் சாயப் பிரிவில் இருந்தான் என்று வந்தது. இரண்டே மாதத்தில் மதுரையில் குடிநீர் நீரேற்று நிலையத்தில் வேலை கிடைத்தது. பெண் கிடைத்தது. பிள்ளை பிறந்தது. மனைவிக்கு எதுவும் தெரியாது. ஞானஸ்நானத்தன்று குழந்தையை அக்காவின் மடியில் போட்டுவிட்டு, கோயில் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு அவன் அழுதான்.

அதற்கு ஒன்றரை வருடம் கழித்து, விருதுநகர்ப் பக்கம் பதிவகம் நடத்திய குறைதீர் முகாமுக்குப் பிலோமினா போயிருந்தாள். காலை பதினொரு மணி இருக்கும். ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் அவள் மேசைக்கு முன்னால் வந்து, மஞ்சள் பையிலிருந்து ஐந்தாறு கடிதங்களை எடுத்து வைத்தாள்.

"ஏம் மக உசுரோட இருக்கான்னு கவர்மெண்டே லெட்டர் போட்டுருக்கு தாயி. ஆனா எங்க இருக்கான்னு கேட்டா ஒருத்தரும் சொல்ல மாட்டேங்காக."

பிலோமினா முதல் கடிதத்தைப் பிரித்தாள். வாக்காளர் அட்டை புதுப்பிக்கும்படி ஒரு நினைவூட்டல். பெயர்: செண்பகவல்லி. வயது: முப்பது. தாயார் பெயர்: பேச்சியம்மாள். வசிக்கும் ஊர்: திருப்பூர்.

பெயரை இன்னொரு முறை வாசித்தாள். அடுத்த கடிதம் குழந்தைக்கு ஐந்து வயதில் போட வேண்டிய தடுப்பூசி பற்றியது. அதற்கடுத்தது, 'தங்கள் மகள் செண்பகவல்லியின் குழந்தைக்குப் பள்ளிச் சேர்க்கை வயது நிறைவடைந்துள்ளது' என்றது.

"பேத்தி வேற இருக்கா பாருங்க" என்று பேச்சியம்மாள் விரலை வைத்துக் காட்டினாள். "அன்னைக்கே சொன்னேன், அது ஏம் மக இல்லன்னு. ஒரு பயலும் கேக்கல. அவ முந்தின ஸ்டாப்புலயே எறங்கிருக்கா. எங்களுக்குப் பயந்துக்கிட்டு எவனோடயோ போயிருக்கா. போயிட்டுப் போறா. நல்லாருந்தாச் சரிதான். ஒரு தடவ பாக்கணும், அம்புட்டுத்தேன்."

"விசாரிச்சுச் சொல்றேம்மா" என்றாள் பிலோமினா. 

சென்னைக்குத் திரும்பி, இரண்டு நாள் பதிவுகளைத் தோண்டியபோது நடந்தது புரிந்தது. செண்பகவல்லியின் இறப்புச் சான்று வழக்கு எண்ணோடு கட்டப்பட்டிருந்தது. மரபணு அறிக்கையும் அப்படியே. வழக்கை உருவியபோது அவையும் சேர்ந்து உருவிக்கொண்டு போய்விட்டன. இறப்பு இல்லையென்றால் ஆள் உயிரோடு இருக்கிறாள். உயிரோடு இருப்பவளுக்குப் பல வருடங்களாக ஒரு பதிவும் இல்லை. அது ஓட்டை. மெஷின் நிரப்பிவிட்டது. அவள் வயதுக்கு, அவள் படிப்புக்கு, அந்த ஊரிலிருந்து போன பெண்கள் பெரும்பாலும் எங்கே போனார்களோ அங்கே அனுப்பியது. கல்யாணம் செய்து வைத்தது. ஒரு குழந்தையும் கொடுத்தது.

கிருபாகரன் அவள் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, அறைக் கதவைச் சாத்தினார்.

"எத்தனை பேர் மேடம்?"

"இப்படி உசுரோட வந்தவங்க ஆயிரத்து நூறு பேருக்கு மேல சார். கொலையுண்டவங்க கிடையாது. விபத்து, அஜாக்கிரதை, அந்த மாதிரி கேஸ்ல செத்தவங்க."

"திருப்பி எடுக்க முடியுமா?"

"நகல் இல்ல. நாந்தான் அழிச்சேன். ஒவ்வொரு ஊர்லயும் போய் விசாரிச்சு, திரும்ப வழக்கை எழுதி, இறப்பைப் பதிவு பண்ணலாம்."

"வழக்கை எழுதணும்னா குற்றவாளி யாருன்னு எழுதணும். ஒருத்தனுக்கு எழுதினா, நாளைக்கு நாம பதிவை அழிச்ச நாப்பத்தோராயிரம் பேரும் வாசல்ல வந்து நிப்பான். எங்களை நம்பவச்சுக் கழுத்தறுத்துட்டீங்கன்னு கேப்பான். என்ன பதில் சொல்றது?" குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்தம்மா சந்தோஷமாத்தானே இருக்காங்க மேடம்? விட்டுடுங்களேன்."

விட முடியவில்லை. அடுத்த சனிக்கிழமை மதியம் பேச்சியம்மாளின் வீட்டு வாசலில் பிலோமினா நின்றாள். ஒற்றை அறை. சுவரில் செண்பகத்தின் படம் இருந்தது. பள்ளிச் சீருடை, இரட்டைச் சடை. படத்தைச் சுற்றி வெளிறிய சுவரில் மாலையின் தடம் வளைவாகத் தெரிந்தது.

"கழட்டிட்டேன்" என்றாள் பேச்சியம்மாள், அவள் பார்ப்பதைக் கவனித்து. "உசுரோட இருக்குறவளுக்கு மாலை போட்டு வச்சா ஆகாதுல்ல. பத்து வருசம் போட்டு வச்சிருந்தேனே, அதுக்கு அவகிட்ட என்னன்னு சொல்லப்போறேன்னுதான் இப்பக் கவல."

பிலோமினா தரையில் உட்கார்ந்தாள். சட்டத்தை, சிறையை, எல்லாவற்றையும் ஒருமுறை நினைத்துப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"அம்மா, செண்பகம் இல்லம்மா. அந்த வேன்ல இருந்தது அவதான். இந்த லெட்டரெல்லாம் மெஷின் தானா எழுதினது. அது தப்பு."

பேச்சியம்மாளின் முகம் மாறவில்லை. "யாரு சொன்னா?"

"உங்க ரத்தத்தை எடுத்து டெஸ்ட் பண்ணாங்கல்ல, அதுல தெரிஞ்சுதும்மா. உங்ககிட்ட ஒரு காகிதம் குடுத்தாங்களே..."

"அதெல்லாம் கேஸ் முடியவும் வக்கீல்கிட்ட குடுத்தது. வக்கீலும் போய்ச் சேந்துட்டாரு. ஆபீஸ்ல ஒண்ணு இருக்குமில்ல, அத எடுத்துக் காட்டுங்க."

"அது இப்ப இல்லம்மா. அழிச்சாச்சு."

"யாரு அழிச்சா?"

"நான்தான்."

வெளியே யாரோ தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்தார்கள். பேச்சியம்மாள் கடிதங்களை ஒவ்வொன்றாக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"அழிச்சவ சொல்றத நா எதுக்குத் தாயி நம்பணும்? அன்னைக்கும் கவர்மெண்டு காயிதம் காட்டித்தான் செத்துட்டான்னு சொன்னீக. நம்புனேன். இன்னைக்கும் கவர்மெண்டு காயிதந்தான் உசுரோட இருக்கான்னு சொல்லுது. இத மட்டும் நம்பக் கூடாதாக்கும்?"

அங்கிருந்து பிலோமினா நேரே மதுரைக்குப் போனாள். நீரேற்று நிலையத்துக்கு எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் தம்பியை உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னாள். அவன் டம்ளரைப் பெஞ்சில் வைத்தான்.

"அவங்க கேக்கறது சாட்சி, இருதயம். காட்டக் காகிதம் இல்ல. முன்சீட்டுல அவ இருந்ததைப் பாத்தவன் நீ ஒருத்தன்தான் இருக்க."

"எனக்கு அந்த வருஷமெல்லாம் இல்லக்கா. நீதான எடுத்துட்ட?"

"டேய்..."

"நா வந்து சொன்னா நாளைக்கு எம் பொண்டாட்டிக்குத் தெரியும். வேலை போகும். எம் புள்ள பெருசாகி என்னப் பாத்து என்னன்னு கேக்கும்?" எழுந்துவிட்டான். "திருப்பூர்ல எந்த மில்லுன்னு யாராச்சும் கேட்டா, பேரு, தெரு, மேஸ்திரி பேரு எல்லாம் சொல்லுவேன். படிச்சுப் படிச்சு மனப்பாடம் ஆயிருச்சு. இப்பல்லாம் கனவுல கூட சாயத் தொட்டிதான் வருது. என்ன விட்ருக்கா."

அவள் வற்புறுத்தவில்லை. எட்டாவது நாள் அவனே போன் செய்தான். "நா வர்றேன். அந்தம்மா மொகத்த ஒரு தடவையாச்சும் பாக்கணும்" என்றான்.

மூன்று பேரும் பேச்சியம்மாளின் ஒற்றை அறையில் உட்கார்ந்தார்கள். இருதயராஜ் தலையைக் குனிந்தபடியே எல்லாவற்றையும் சொன்னான். பெட்ரோல் கேன், பீடி, பாலத்துக் கட்டை. "நாந்தான் வேன் ஓட்டுனேன்மா. உங்க மக முன்சீட்டுல எம் பக்கத்துல இருந்துச்சு. நா குதிச்சுட்டேன். திரும்பிப் பாத்தப்ப அது கதவத் தட்டிக்கிட்டு இருந்துச்சு. நா போகல. பயந்துட்டேன்." அவள் காலைத் தொடப் போனான்.

பேச்சியம்மாள் காலை இழுத்துக்கொண்டாள். வெகுநேரம் அவனை உற்றுப் பார்த்தாள்.

"அந்த ட்ரைவர் ஒல்லியா, தாடி வச்சிருந்தான். கோர்ட்டுல தூரத்துல இருந்து பாத்தேன். நீ அவன் இல்ல."

"பதினோரு வருஷம் ஆச்சேம்மா."

"வா எங்கூட" என்று எழுந்தாள். இத்தனை மாத அலைச்சலில் அவள் கற்றுக்கொண்டிருந்தது அது ஒன்றுதான். கடைத்தெருவிலிருந்த இ-சேவை மையத்துக்கு இருவரையும் கூட்டிக்கொண்டு போய், கவுண்டரில் இருந்த பெண்ணிடம், "இந்தத் தம்பி கட்டை விரல வச்சுப் பாரு தாயி, பதினோரு வருசத்துக்கு முந்தி எங்க இருந்துச்சுன்னு" என்றாள்.

விரலை வைத்தான். அந்தப் பெண் திரையைப் பார்த்துச் சத்தமாக வாசித்தாள். "திருப்பூர். பின்னலாடை ஆலை. சாயப் பிரிவு. கேஸ் கீஸ் ஒண்ணும் இல்ல. வண்டி ஓட்டுனதா எதுவும் இல்லையே."

பேச்சியம்மாளின் முகம் மெல்ல மலர்ந்தது. அவன் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"திருப்பூர்லயா இருந்த? அப்பயே சொல்றதுக்கு என்னய்யா? இவுக சொல்லிக்குடுத்து, எம் மனசத் தேத்துறதுக்காக என்னத்தையோ உளறிக்கிட்டு இருக்க. நீ நல்ல புள்ள. சொல்லு, எம் மகளப் பாத்தியா? செகப்பா, இடது பக்கம் மூக்குத்தி குத்தியிருப்பா. பாத்தியாய்யா?"

இருதயராஜின் உதடுகள் அசைந்தன. பிலோமினா அவன் தோளைத் தொட்டாள். அவன் அக்காவைப் பார்க்கவில்லை.

"பாத்தேம்மா" என்றான்.

"நல்லாருக்காளா?"

"நல்லாருக்கும்மா."

பேச்சியம்மாள் அந்தத் தெருவிலேயே அவன் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்து நெட்டி முறித்தாள்.

பேருந்து நிலையம் வரை அவர்கள் நடந்தார்கள். கழிப்பறைச் சுவரோரக் குழாயில் அவன் முகத்தைக் கழுவினான். கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, "நா பொய் சொல்லலக்கா. பாத்தேன்ல. கடைசியாப் பாத்தது நாந்தான" என்றான்.

அதன் பிறகு அவன் நெடுநாள் தாங்கவில்லை. மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவளும் விரலை வைத்துப் பார்க்கச் சொன்னாள். பார்த்துவிட்டு, அவனுக்கு மனநிலை சரியில்லை என்று வைத்தியத்துக்கு அழைத்துப் போனாள். மாத்திரையை விழுங்கிவிட்டு அவன் இப்போது அமைதியாக வேலைக்குப் போய் வருகிறான் என்று கேள்வி.

பிலோமினா நடந்தது அத்தனையையும் எழுதி, சட்டத்தை மீறி வெளியே சொன்னது நான்தான், என்மேல் நடவடிக்கை எடுங்கள் என்று கையெழுத்திட்டுக் கிருபாகரனிடம் கொடுத்தாள். மறுநாள் அதைத் திருப்பித் தந்தார்.

"என்ன குற்றம்னு எழுதறது மேடம்? அழிச்ச விஷயத்தைச் சொன்னீங்கன்னு கேஸ் போடணும்னா, அப்படி ஒரு விஷயம் நடந்துச்சுன்னு நாங்க ஒத்துக்கணும். நடக்கலையே. நடக்காத ஒண்ணை நீங்க எப்படி வெளிய சொல்ல முடியும்?" அவர் கேலி செய்யவில்லை. கண்கள் களைத்திருந்தன. "வீட்டுக்குப் போங்க. கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க."

பத்திரிகைக்காரர்கள் இரண்டு பேர் ஆதாரம் கேட்டார்கள். அவளிடம் இல்லை. ஒப்பந்தம் முடிந்தபோது அவள் புதுப்பிக்கவில்லை. அவர்களும் கேட்கவில்லை.

அடுத்த சில மாதத்தில் பேச்சியம்மாள் ஊரைக் காலி செய்துவிட்டுத் திருப்பூருக்குப் போய்விட்டாள் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். பிலோமினா தேடிக்கொண்டு போனாள். மூன்றாம் முறை போனபோது, ஒரு பனியன் கம்பெனி வாசலில், புங்கமர நிழலில் உட்கார்ந்திருந்தாள். இளைத்துப்போயிருந்தாள். பகலில் ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறாளாம். ஷிப்ட் விடும் நேரத்துக்கு ஒரு நாளைக்கு ஒரு கம்பெனி வாசல்.

"வா தாயி" என்று பக்கத்தில் இடம் ஒதுக்கினாள். கோபம் எதுவும் இல்லை. "நல்ல நேரத்துக்கு வந்த. இதப் பாரு."

புதிதாக வந்த குடும்ப அட்டை. தங்கியிருக்கும் அறைக்கு முகவரி மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தாளாம். தாயும் மகளும் ஒரே ஊர் என்று ஆனதும் மெஷின் இரண்டையும் ஒரே குடும்பமாகச் சேர்த்திருந்தது. மேலே சிறிய எழுத்தில், 'தங்கள் குறை தீர்க்கப்பட்டது' என்று அச்சாகியிருந்தது. கீழே மூன்று பெயர்கள்.

பேச்சியம்மாள். செண்பகவல்லி. பேச்சி, வயது ஆறு.

"ஏம் பேரு!" என்றாள் பேச்சியம்மாள். அவளுக்குச் சிரிப்பும் அழுகையுமாக வந்தது. "பேத்திக்கு ஏம் பேர வச்சிருக்கா தாயி. எம் மேல கோவம் இருந்தா வைப்பாளா? இத எந்த மெஷினு எழுதும், சொல்லு? அவளத் தவிர யாருக்குத் தெரியும்?"

மூத்த பெண்ணுக்குப் பாட்டி பெயர். அந்த வட்டாரத்துப் பதிவுகளில் பாதிக்கு மேல் அப்படித்தான் இருந்தன. முதன்முதலாக அவற்றைப் பேரேட்டிலிருந்து கணினியில் ஏற்றியவள் பிலோமினா. மெஷின் அதைத்தான் படித்திருக்கிறது.

அவள் அதைச் சொல்லவில்லை. அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள்.

சங்கு ஊதியது. கம்பெனிக் கதவு திறந்தது. பஞ்சுத் தூசி படிந்த முடியோடு பெண்கள் கும்பல் கும்பலாக வெளியே வந்தார்கள். பேச்சியம்மாள் எழுந்து, பையைப் பிலோமினாவின் மடியில் வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவருகே போய் நின்றாள். முப்பது வயது மதிக்கத்தக்கவள் ஒவ்வொருத்தியையும் மறித்து முகத்தைப் பார்த்தாள்.